மூன்று கடை, ஒரே தோப்பு

பொன்மலை மகாலட்சுமிக்குச் சமையல் காண்ட்ராக்டில் ஒரு கர்வம் உண்டு. எதையும் ஒரே ஆளிடம் வாங்க மாட்டாளாம். வாழை இலைக்கே காந்தி மார்க்கெட்டில் மூன்று வியாபாரிகள்: மருதை, தர்மராஜ், அடைக்கலராஜ். ஒருத்தர் காலை வாரினாலும் மற்ற இருவர் இருக்கிறார்கள் என்று பெருமையடிப்பாள். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துவிட்டது.

இப்போது ஸ்ரீரங்கத்தில் அவளுக்கு முதல் கல்யாணம் கிடைத்திருந்தது. மறுநாள் முகூர்த்தம். நுனி இலையில்தான் பந்தி என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். இதில் சொதப்பினால் காவிரிக்கு அந்தப் பக்கம் அவளை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

விடிந்ததும் மருதை போன் செய்தான்.

"அக்கா, ராத்திரி அடிச்ச காத்துல தோப்பே சாஞ்சிடுச்சு. இலையெல்லாம் நார் நாராக் கிழிஞ்சு கெடக்கு."

போகட்டும் என்று தர்மராஜைக் கூப்பிட்டாள். அவரும் காற்றைத்தான் திட்டினார். அடைக்கலராஜும் அதே கதையைப் படித்தார். மகாலட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது. பொன்மலையில் கொடியில் போட்ட துணிகூட ஆடவில்லையே, காற்று இந்த மூன்று பேரை மட்டும் தேடிப் பிடித்து அடித்ததா என்ன?

மூவரையும் மண்டபத்துச் சமையல்கட்டுக்கு வரவழைத்தாள். "எங்க வெட்டுறீங்க, சொல்லுங்க" என்றாள்.

மூவரும் தொண்டையைக் கனைத்தார்கள். சரக்கு வரும் இடத்தைச் சொல்லுவது மார்க்கெட்டில் வழக்கமில்லை. சொன்னால் வாங்குகிறவர் நேரே தோப்புக்குப் போய்விடுவார் என்று பயம்.

"சத்தியமா உங்களைத் தாண்டிப் போக மாட்டேன்."

"ஜீயபுரம்" என்றான் மருதை.

"வாய்க்கால் ஓரத் தோப்பா?" என்று தர்மராஜ் திடுக்கிட்டார். அடைக்கலராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் அங்கிருந்துதான் வருகிறது. ஆக, இத்தனை வருஷமாக மகாராணி ஒரே தோப்பின் இலையைத்தான் மூன்று கடையில் வாங்கியிருக்கிறாள்.

"வேற இடமே கிடையாதா?"

அடைக்கலராஜ் இழுத்தார். "உப்பிலியபுரத்துல மச்சான் தோப்பு இருக்கு. இதுவரைக்கும் வெளிய சொன்னதில்ல. அதுசரி, எங்களை மட்டும் கேக்குறீங்களே, உங்க புளியோதரைப் பொடி எங்கேருந்து வருது? மாமியார் கைப்பக்குவம்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அதைச் சொல்லுங்க, நான் மச்சானுக்குப் போன் போடுறேன்."

மூலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் மயிலம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா வேறு காபி கேட்டு வந்து வாசலில் நிற்கிறாள். மகாலட்சுமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இலை வேண்டுமே.

"சமயபுரத்துல ஒரு கடையில" என்றாள் மெதுவாக.

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டாள். "எங்க அரைச்சா என்னங்க, ருசியா இருந்தா சரி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அடைக்கலராஜ் மச்சானிடம் பேசினார். சாயங்காலமே இலை வந்து இறங்கும் என்று பதில் வந்தது.

போனை வைத்த அடைக்கலராஜ், "ஏம்மா, அந்தப் பொடிக் கடை ஒருநாள் சாத்திக் கெடந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

மகாலட்சுமி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்குற?" என்றாள் மயிலம்மாள். "எனக்கு மொளகா வறுக்கவே வராது."