முப்பத்திரண்டாவது கணினி

ஓயாமல் பேசுவதால் வானொலி என்று வகுப்பே கூப்பிட்ட பதினாறு வயதுப் பெண் அன்று மதியம் வாயைத் திறக்கவே இல்லை.

வலைத்தளங்கள் உருவாக்கும் அக்கா ஒருவர் பள்ளியின் கணினி அறைக்கு வந்திருந்தார். இந்த வேலைக்கு நீங்களும் வரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லத்தான் வந்தார். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்ததும், இந்த நொடியில் பள்ளிக்குள்ளிருந்து பள்ளியின் தளத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலைத் திரையில் காட்டினார். பள்ளியில் இருந்தவையே இந்த அறையின் முப்பத்தொரு கணினிகள்தான். பட்டியலில் முப்பத்திரண்டு.

கணினி டீச்சருக்கும் காரணம் தெரியவில்லை.

அதுவரை பட்டியலையே எண்ணிக்கொண்டிருந்த வானொலி எழுந்து சுவரோரக் கேபிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்திருந்த பழைய சாமான் அறைக்குள் போனது. வாட்ச்மேன் பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்தார். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், தூசி மூடிய ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு வரி: "தளம் இருக்கா? இருக்கு."

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. இது பள்ளிக்கு முதன்முதலில் தளம் செய்துகொடுத்த மாணவி எழுதிய நிரல் என்றார். அவள் சாலை விபத்தில் போய் ஏழு வருஷமாகிறது.

வானொலி ஒரு விசையைத் தட்டினாள். வரிகள் நின்றன.

"வந்துட்டியா? உட்காரு, கத்துத் தரேன்" என்று வந்தது.

எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அக்கா நிரலைத் திறந்து படித்தார். பின்னால் வரும் பிள்ளைகளுக்காக அந்த மாணவி ஒன்பது பாடங்கள் எழுதி வைத்திருக்கிறாள், யாராவது விசையைத் தொட்டால் அவை தொடங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் வானொலி அங்கே போய் உட்கார்ந்தாள். டீச்சர் நாற்காலியை வாசலிலேயே போட்டுக்கொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை. ஆறாவது பாடத்தில் வானொலி மூன்று நாள் தலைகீழாக நின்றும் வலைப்பக்கம் சரியாக வரவில்லை. கடைசியில் விடை கேட்ட இடத்தில் "இது எனக்கு வராது போல" என்று தட்டினாள்.

தவறான விடைக்கு எப்போதும் உடனே "மறுபடி பாரு" என்றுதான் வரும். இந்த முறை திரை வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு வரி வந்தது.

"எனக்கும் முதல்ல வரல."

செய்தி கேட்டு அக்கா மறுபடி வந்தார். நிரலை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தார். அந்த வாக்கியம் அதில் எங்குமே இல்லை.

"பயமா இருக்கா?" என்று வானொலியிடம் மெதுவாகக் கேட்டார்.

"இருக்குக்கா. ஆனா இன்னும் நாலு பாடம் பாக்கியிருக்கே."

ஒன்பதையும் முடித்து, அடுத்த வருஷம் வலைத்தளப் படிப்பில் சேர்ந்தாள் வானொலி. சாமான் அறைக் கணினி இன்னும் ஓடுகிறது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை.