மீசை வைத்த அன்பு அக்கா

பள்ளிக்கூடப் பெண்களுக்காக வாரம் தவறாமல் வெளிவரும் அந்தக் கதைப் பத்திரிகையில், ‘அன்பு அக்கா’ எழுதும் விடுதித் தொடரைப் படிக்காத பெண் அந்த ஊரில் இல்லை. அன்பு அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. முன்வழுக்கை, தொப்பை, தடித்த மீசை. உட்கார்ந்தால் முதுகு பிடிக்கும், எழுந்தால் முழங்கால் பிடிக்கும். பெண்கள் விடுதிக்குள் அவர் இதுவரை காலடி வைத்ததில்லை. வைத்தால் காவல்காரர் சும்மா விடமாட்டார்.

இது ஒன்றும் அவராகக் கண்டுபிடித்த பித்தலாட்டம் இல்லை. பத்திரிகை ஆரம்பித்த காலத்தில் முதல் அன்பு அக்காவாக இருந்தவர் ஓய்வுபெற்ற குதிரைப்பந்தய நிருபர். அதனால்தான் பழைய இதழ்களில் விடுதிப் பெண்கள் எதற்கெடுத்தாலும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது அக்கா மருந்துக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதியவர். அவர் காலத்தில் வாரம் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. இவர்கள் கைவரிசையில் சில வழக்கங்கள் நிலைத்துவிட்டன. நடுராத்திரி விருந்து உண்டு, விளையாட்டு விழா உண்டு, புதிதாக வரும் பணக்காரப் பெண்ணுக்குத் திமிர் உண்டு. அப்பாக்கள் மட்டும் கிடையாது. அப்பா வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும், தொடர் படுத்துவிடும் என்பது எடிட்டரின் கட்சி. அப்பாக்கள்மேல் அந்த மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை!

மூன்றாவது அக்காவாக வந்து சேர்ந்த நம் ஆளிடம் எடிட்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “யோவ், உன் மீசை வெளியில தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே உனக்கு இங்க வேலை இல்ல. ஞாபகம் வச்சுக்க.”

பள்ளிக்கூட விவரங்களுக்கு அவருக்கு ஒரு மகள் இருந்தாள். எட்டாம் வகுப்பு. சாப்பிடும்போது “அப்புறம்?” என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுவாள். அப்பாதான் அன்பு அக்கா என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் வெளியில் மூச்சு விட்டதில்லை. அப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால் “பிரஸ்ல இருக்கார்” என்று முடித்துக்கொள்வாள். மகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று அவர் பூரித்துப் போயிருந்தார். அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, வெட்கம் என்று மனைவிதான் விளக்கினாள்.

ஒருநாள் அப்படி வாயைக் கிளறியதில் அந்தச் சேதி விழுந்தது. மகளின் உயிர்த்தோழி, வீட்டில் எல்லோரும் ரெட்டைச்சடை என்று கூப்பிடும் பெண், பள்ளிக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக ஒரு கோப்பை வாங்கியிருந்தாள். கட்டுரை சொந்தச் சரக்கு இல்லை. பழைய இதழ் ஒன்றைப் பார்த்து வரிக்கு வரி இறக்கியது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மகளிடம் சொல்லியிருந்தாள். அப்பா யாரோ இல்லையே என்று மகள் நினைத்துவிட்டாள், பாவம்.

“எந்தக் கட்டுரை?” என்று கேட்டார்.

“மழை நாள் பத்தினது. உங்களதுதாம்ப்பா.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. விளம்பரம் ஒன்று வராததால் காலியாகக் கிடந்த பக்கத்தை நிரப்ப, டீ ஆறுவதற்குள் அவர் கிறுக்கித் தள்ளியது அது. அவர் எழுத்துக்குக் கிடைத்த முதல் பரிசு! நடுவர்கள் வேறு ‘பதிமூன்று வயதுக்கு நல்ல முதிர்ச்சி’ என்று பாராட்டினார்களாம். நாற்பத்தெட்டு வயதுக்கு அது பாராட்டுதானா என்று யோசிக்கிற நிதானம் அவருக்கு ஏது? தலைகால் புரியாமல் அதை அப்படியே தொடரில் போட்டுவிட்டார். விடுதிப் பெண் ஒருத்தி காப்பியடித்துக் கோப்பை வாங்குகிறாள். பெயரை மாற்றினார், மழையை வெயிலாக்கினார். இனி எவன் கண்டுபிடிப்பான் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. திங்கட்கிழமை மகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“‘உனக்கு மட்டும்தானே தெரியும், நீதானே பத்திரிகைக்குச் சொன்னே’ன்னு கேக்கிறாப்பா. பக்கத்துல உக்கார மாட்டேங்கிறா. நான் என்னத்தைச் சொல்லுவேன்? எங்கப்பாதான் அந்த அக்கான்னு சொல்லவா?”

“அடுத்த வாரம் எல்லாம் சரியாயிடும்மா” என்று தட்டிக்கொடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது. அடுத்த வாரம் என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத்தானே தெரியும்! அந்தப் பத்திரிகையில் எழுதியது கடைக்கு வர மூன்று வாரம் பிடிக்கும். வருகிற வெள்ளிக்கிழமைப் பகுதியை அவர் எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் தலைமையாசிரியை காப்பியடித்தவளை மேடைக்கு இழுத்து, கோப்பையைப் பிடுங்கி, “திருடி!” என்கிறாள். பள்ளிக்கூடமே ஊளையிடுகிறது. எழுதும்போது சிரித்து ரசித்து, ஊளையை மட்டும் அரைப் பக்கத்துக்கு நீட்டியிருந்தார். வகுப்பில் ஒருத்தி மோப்பம் பிடித்துப் பழைய இதழைப் புரட்டினால் போதும், ரெட்டைச்சடையின் கதி அதோகதிதான்.

மறுநாள் அச்சகத்துக்கு ஓடினார். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

“அந்த ஒரு பக்கத்தை நிறுத்த முடியாதாண்ணே?”

அச்சகக்காரர் கட்டுகளைக் காட்டினார். “பாதி வண்டி ஏறிடுச்சு. அந்தப் பக்கத்துக்குப் பின்னால பல்பொடி விளம்பரம் இருக்கு. அதைக் கிழிச்சா என் தோலை உரிச்சிடுவாங்க. ஏன் இப்படிப் பதறுறீங்க? கதைதானே?”

‘கதைதானே’ என்று அவரும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

புதன்கிழமை, தெரிந்த ஒரே வைத்தியத்தில் இறங்கினார், அதற்கடுத்த பகுதியை எழுத உட்கார்ந்தார். காப்பியடித்தவள் உண்மையில் தங்கம். காய்ச்சலில் கிடக்கும் தங்கையைச் சிரிக்கவைக்கத்தான் கோப்பைக்கு ஆசைப்பட்டாள். தலைமையாசிரியை கண்ணீர் வடிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் நின்று படித்த மகள் கேட்டாள்.

“இது எப்ப வரும்?”

“மூணு வாரத்துல.”

“அதுக்குள்ள அவ வெக்கத்துலயே செத்துடுவா. பேப்பர்ல நல்லவரா இருந்தது போதும்ப்பா. சட்டையை மாட்டுங்க.”

ரெட்டைச்சடையின் வீடு மாடியில் இருந்தது. அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்த பெண் தோழியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவ மேல தப்பில்லம்மா. எழுதினது அன்பு அக்கா. அன்பு அக்காவே வந்திருக்கு” என்றார் அவர்.

“எங்க?” என்று அவள் ஆவலாக அவருக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

“நான்தாம்மா.”

அவள் மீசையைப் பார்த்தாள். தொப்பையைப் பார்த்தாள். தோழி தலையாட்டியதைப் பார்த்தாள். பிறகு முகம் கோணி அழ ஆரம்பித்தாள்.

“அப்ப அக்கான்னு ஒருத்தரே இல்லையா? அம்மா வர்ற வரைக்கும் நான் மனசுக்குள்ள அக்காகிட்டதான் பேசிட்டிருப்பேன். அக்கா மாதிரி எழுதணும்னு எவ்வளவோ முயற்சி பண்ணேன். வரவே இல்ல. அதான் பார்த்து எழுதினேன்.”

டீ ஆறுவதற்குள் கிறுக்கிய பக்கம் அது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை வரப்போவதையும் சொல்லி முடித்தார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவள் உதறவில்லை.

“நான் இப்ப என்ன பண்ணட்டும்?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரைக் கேட்டாள்.

அன்பு அக்கா பெயரில் வரும் கேள்வி-பதில் பகுதியில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ‘துணிந்து உண்மையைச் சொல் கண்ணே’ என்று கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதியவர் அவர்.

“தெரியலம்மா. ஆனா நீ எங்க போனாலும் நானும் கூட வரேன்.”

வியாழக்கிழமை காலை மூவரும் தலைமையாசிரியையின் அறையில் நின்றார்கள். ரெட்டைச்சடை கோப்பையை மேசைமேல் வைத்து, “இது என்னுது இல்ல மிஸ்” என்று ஆரம்பித்தாள். பார்த்து எழுதியதைப் பாக்கி வைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் கோப்பையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“சரி. நீயாவே கொண்டுவந்து கொடுத்துட்டேன்னு இப்பவே அசெம்பிளியில சொல்லிடறேன். அப்புறம் யாரும் உன்னை ஒரு வார்த்தை பேச முடியாது” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க யாரு, இவளோட அப்பாவா?”

பிரஸ்ல இருக்கேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாக்கு துறுதுறுத்தது. எடிட்டரின் முகம் கண்முன் வந்து போனது.

“கட்டுரை என்னுது மேடம். அன்பு அக்கான்னு எழுதறது நான்தான்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு? நீங்க? அக்காவா?” என்று சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள். அவர் கூனிக் குறுகி நின்றார்.

ரெட்டைச்சடை ஓரடி நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சிரிக்காதீங்க மிஸ்” என்றாள். “இவங்க எங்க அக்காதான்.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கைக்குட்டை எடுத்துவர மறந்த மனிதர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.