தரையில் விழுந்த குழல்கள்

சித்திரை பிறந்தால் சாமுண்டீஸ்வரிக்கு வேலை நிரந்தரமாகிவிடும். வண்டலூரைத் தாண்டிக் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் இருந்தாள். தோல் சீவிய இரண்டு ஒயர் நுனிகளை நகத்தளவு பித்தளைக் குழலுக்குள் விட்டுக் காலால் மிதித்தால், மெஷின் கடக்கென்று கடித்துச் சேர்த்துவிடும். நாளெல்லாம் அந்தச் சத்தம்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் பெயரில் வந்த முதல் சம்பளத்தின் சத்தம் என்று தோன்றும்.

புருஷன் தசரதன் இரும்புலியூரில் தகரக் கொட்டகை போட்டுக் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்த்தான். அவன் கைமுறை வேறு. ஒயரை முறுக்குவான், ஈயம் வைத்துப் பற்றுவான், டேப் சுற்றுவான். அவசரம் என்றால் ஈயத்துக்கு விடுமுறை. வெறும் முறுக்கும் டேப்பும்தான். அவனுக்கு எப்போதும் அவசரம்.

சிட்டிபாபு, நிலத்தை மனை போட்டு விற்று அம்பாசடர் டாக்சிகள் விட்டவர்; அவற்றுக்கு ஒயரிங் தசரதன்தான். வண்டிகள் கோவளத்துக்குப் போய்வந்து, உப்புக்காற்றில் முறுக்கெல்லாம் பச்சைக் களிம்பு பூத்தது.

"இன்னா தசரதா, ஹாரன் அட்ச்சா வைப்பர் ஓடுது! கம்பெனில குழா மாட்றானே, அத்த போடு. இல்லாங்காட்டி எலியேசராண்ட வுட்டுடுவேன்."

எலியேசர் எதிர்ச்சாரியில் புதிதாகக் கடை திறந்தவன். அந்தப் பெயர் தசரதனுக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்றே பெண்டாட்டியிடம் ஆரம்பித்தான்.

"கம்பெனிலேர்ந்து ஒரு பிடி குழா எட்த்தா போதும்."

"கடைல வாங்குய்யா."

"வூட்லயே கம்பெனிக்காரிய வச்சிகினு நான் கடைக்குப் போவணுமா?"

"குழாய மட்டும் வச்சிகினு இன்னா பண்ணுவ? மிஷின் வோணும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து ஒயர் புட்ச்சவன் நானு. எனக்கே பாடமா?"

தினமும் சோற்றுத் தட்டின் முன் இதே பேச்சு. கடைசியில் அவன் பேசுவதையே நிறுத்திக்கொண்டான். அதுதான் அவளை உடைத்தது. மெஷினடியில் சிதறிய குழல்களை மாலையில் பெருக்கித் தொட்டியில் கொட்டுவார்கள். குப்பைதானே என்று ஒரு பிடி டிபன் பாக்சில் போட்டு வந்தாள். தசரதன் சிரித்தான். "இன்னொரு பிடி" என்றான்.

இரண்டாம் பிடியோடு கம்பெனி வாசலில் மாட்டினாள். சோதனை செய்யும் ரத்தினம் அக்கா மூடியைத் திறந்தாள்.

"இன்னாடி இது?"

"குப்பைக்கா. தரைல கெடந்தது."

"தரையும் அவங்களுதுதான்டி பொண்ணே," என்று மெல்லச் சொன்னாள் ரத்தினம். ஆனால் பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

தசரதன் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "ஜாக்கெட்ல வச்சிருக்கக் கூடாது?"

அடுத்த வாரம் சிட்டிபாபு, முதல் பிடிக் குழல்களைத் தசரதன் மாட்டிய வண்டியோடு கொதித்துக்கொண்டு வந்தார். கோவளத்திலிருந்து திரும்பும்போது இருட்டில் ஹெட்லைட் செத்துப்போய், டிரைவர் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டி வந்திருந்தான்.

"நான் இன்னா சார் பண்றது? இவ தரைல பொறுக்கியாந்த சரக்கு," என்றான் தசரதன், சோறு கொண்டுவந்து நின்ற சாமுண்டீஸ்வரியைக் காட்டி.

சாமுண்டீஸ்வரி டேஷ்போர்டின் அடியில் கைவிட்டு ஒரு ஜாயின்ட்டைத் தொட்டாள். நெய்யிலிருந்து உருவியதுபோல் ஒயர் கழன்று வந்தது. குழல் சப்பையாகிக் கிடந்தது. அதன்மேல் கட்டிங் பிளேயரின் பல்தடம்.

"பிளேயர்ல நசுக்கிகீறாருண்ணா. மிஷின்ல அழுத்தணும்."

"உங்க குடும்ப வழக்கு எனக்கு எதுக்கும்மா? சாயங்காலம் சவாரி கீது."

தசரதன் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஈயம் உருக்கும் பற்றிரும்பைக் காய்ச்சினான். எல்லாக் குழலையும் வெட்டி எறிந்துவிட்டு, முறுக்கி, பொறுமையாக ஈயம் ஓடவிட்டான். ஒவ்வொன்றும் இரும்பாய் நின்றது. ஹெட்லைட் பளீரென்று எரிந்தது. சிட்டிபாபு தோளில் தட்டினார்.

"இத்தினி நாளா இத்தயே செய்றதுக்கு இன்னாய்யா?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"நேரம் வோணாமா?" என்றான் அவன், தலை நிமிராமல். "சும்மாதானே நிக்கிற, அந்த ஒயருங்க தோலச் சீவு. நாளைலேர்ந்து கடைக்கே வந்துரு."

"கூலி?"

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். "கேக்கறா பார்றா!" என்றார் சிட்டிபாபு.

சாலையில் கம்பெனி வேன் போயிற்று. ஜன்னலோரம் யாரோ கையசைத்த மாதிரி இருந்தது. அவள் பிளேடை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.