தீர்வுகள் தீரும்வரை

1

இந்தக் கதை ஒரு மனுவின் மிச்சம். மெக்சிகோவில், த்லாக்ஸ்காலாவில் ஒரு வக்கீலிடம் தட்டச்சராக இருக்கிறேன். நாடு கடந்த மனித உரிமை ஆணையத்துக்குப் போகும் மனுவில் 'நடந்தவை' என்ற பகுதியை அடிப்பது என் வேலை. அடித்ததை, மனு போடும் ஒப்துலியாவுக்குப் படித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாம்மா. இதுல என் தம்பி எங்க?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "நிக்கானோர் மினிபஸ்ஸை நிறுத்தியபோது மழை தூறிக்..."

வேண்டாம். மழை தூறியதா என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான். லாரிக் கொள்ளை வழக்கு ஒன்றில் போலீஸ் அவனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கியது. மூன்று நாள் அடித்துக் கையெழுத்து வாங்கியது. முன்பற்கள் அங்கேயே போயின. பதினோரு வருடம் தீர்ப்பே இல்லாமல் சிறையில் இருந்தான். அவன் அக்கா ஒப்துலியா சந்தையில் கண்ணீரோடு தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்று...

[கண்ணீரை நீக்கிவிட்டேன். அவள் சத்தம் போட்டு விற்பவள். அசந்தால் சட்னியைக் குறைத்துவிடுவாள்.]

3

அரசியல் சட்டப்படி பாதுகாப்புக் கேட்கும் மனுவுக்கு எங்கள் ஊரில் அம்பாரோ என்று பெயர். பெண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. முதல் பிரதியில் ஒப்துலியாவுக்கு அதையே வைத்திருந்தேன். கெட்டிக்காரத்தனம் பல்லிளித்தது. மாற்றிவிட்டேன்.

நான்கு அம்பாரோ போட்டாள். முதலாவது, கெடு தாண்டிவிட்டது என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் வென்றாள்: காரணம் சொல்லாமல் காவலை நீட்டியது தவறு, மறுபடி முடிவெடுங்கள் என்றது மேல்நீதிமன்றம். கீழ்நீதிபதி காரணம் சொல்லி அதே காவலை நீட்டினார். மூன்றாவது... [வாசகர் பொறுக்கமாட்டார். அவள் பொறுத்தாள்.]

ஆணையத்துக்கு எழுதினோம். மரியாதையான பதில் வந்தது. நான்காவதன் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. உள்நாட்டுத் தீர்வுகளையெல்லாம் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று.

"தீர்வு தீர்றதுக்குள்ள நாங்க தீந்துருவோம் போலிருக்கேய்யா" என்றாள் வக்கீலிடம். அளவுமீறித் தாமதமானால் விதிவிலக்கு உண்டு, வாதாடிப் பார்க்கலாம், அதற்கும் சில வருடம் ஆகும் என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

4

அந்த நேரத்தில்தான் அரசு வக்கீல் பேரத்தோடு வந்தார். நிக்கானோர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் பத்து வருடத் தண்டனை. அதைத்தான் ஏற்கெனவே கழித்தாயிற்றே, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒப்புக்கொண்டால் ஆணையத்து வழக்கில் உயிர் இருக்காது என்றார் எங்கள் வக்கீல்.

சிறையில் பார்வை நாளன்று ஒப்துலியாவோடு நானும் போயிருந்தேன்.

"இத்தன வருஷம் பண்ணலேன்னு சொன்னவன், இப்பப் பண்ணேன்னு சொல்லப் போறியா?" என்றாள்.

"உனக்கு வழக்கு வேணும்க்கா. எனக்கு வீடு வேணும்."

"திருடனாவா வருவ?"

"உண்மைய வச்சுக்கிட்டு என்ன பண்றது, கடிச்சுத் திங்கவா? அதுக்குப் பல்லு வேணுமே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. திரும்பும்போது பேருந்தில், இவ்வளவு நாள் அவனுக்காகத்தான் அலைந்தேனா, தோற்கப் பிடிக்காமல் அலைந்தேனா என்று என்னைக் கேட்டாள்.

5

விசாரணையன்று, "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார். நிக்கானோர் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

நான் எழுதிய ஒரு பிரதியில் அவள் தலையசைக்கிறாள். இன்னொன்றில் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டிலும் அவன் சொல்வது ஒன்றுதான்: "ஆமாங்க, நான்தான் பண்ணேன்." நீதிமன்றப் பதிவிலும் அதுதான் இருக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். மேல்முறையீட்டை முடித்துவைத்தார்கள்.

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதாதே என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதிகம் யோசிக்க வேண்டாம். அவன் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.