முகம் தெளிவு

“தம்பி, நெத்தியில வைக்க ஒரு காசு தாங்கோ.”

மாமி கஜலக்சுமி திரும்பாமலே கையை நீட்டினாள். மற்றக் கையால், சவப்பெட்டிக்குள் கிடந்த மகள் கிருசிகாவின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். பானுஜன் சட்டைப் பைக்குள் அகப்பட்டதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“என்ன இது, பச்சை பிடிச்சுப்போய்? என்ர பிள்ளைக்கு வைக்க உங்களிட்ட நல்ல காசு ஒண்டு இல்லையோ?”

அதைப் பறித்தாற்போல எடுத்துக்கொண்டு ஒரு பிராங்கைக் கொடுத்தான்.

மூன்றாம் வரிசையில், கிருசிகாவின் அருங்காட்சியக மேலதிகாரி பிரௌ பூசர் மடியில் அட்டைப்பெட்டியுடன் இருந்தார். பார்த்திருப்பார். இருபது வருடமாக நாணயம் பார்க்கிற கண்.

பச்சைக் காசை அவன் செப்டம்பரில் கண்டெடுத்தான். சுவிஸில், பாசலுக்கு வெளியே, ரோமர் ஊர் இருந்த இடத்தில், உழுத வயலோரம். மறுநாள் மனைவி கிருசிகாவுக்கு முதல் கீமோ. அருங்காட்சியகத்தில் நாணயங்களைப் பட்டியலிடுவது அவள் வேலை. சால்வை நுனியால் காசிலிருந்த மண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

“அஸ். செம்பு. பதினாறு சேர்ந்தாத்தான் ஒரு வெள்ளி டெனாரியஸ். ஏழையளின்ர காசு. ஆனா இவவைப் பாருங்கோ, சாலுஸ். சுகம் தாற தெய்வம். பாம்புக்குத் தீத்துறா. முகம்கூட அப்பிடியே இருக்கு.”

“பேசாம நாங்களே வைச்சிருப்பம்.”

“என்னோட திரிம்பாக் கோயில் வாசலுக்கும் வரமாட்டியள். இப்ப ரோமக்காரியைக் கும்பிடப் போறியளோ?” சிரித்தாள். “மண்ணுக்க எடுத்தது கன்டோன் அரசுக்குச் சொந்தம். நாளைக்கே பிரௌ பூசரிட்டக் குடுங்கோ. இல்லாட்டி என்ர வேலை போயிடும்.”

கொடுத்துவிட்டேன் என்றான். கொடுக்கவில்லை. டாக்டர் ஸ்கான் படத்தைத் திருப்பிக் காட்டிய ஒவ்வொரு முறையும் பைக்குள் அவன் பெருவிரல் அந்தத் தெய்வத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. “காசைப் பதிஞ்சவையோ?” என்று அவள் இரண்டு முறை கேட்டாள். “ஓம்.” பிறகு கேட்கவில்லை.

மாமி பிராங்கை வைத்துவிட்டு விலகினாள். கிருசிகாவின் கைகளுக்குள் வெற்றிலை இருந்தது. பச்சைக் காசை அதற்கு அடியில் செருகினால் போதும். ஒரு மணித்தியாலத்தில் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். நெருப்போடு போய்விடும்.

அவள் விரல்களைத் தொட்டான். குளிர். இதையும் அவளிடம் கொடுத்தா ஒளிப்பது?

மூன்றாம் வரிசைக்குப் போய், காசு இருந்த உள்ளங்கையை விரித்தான்.

பிரௌ பூசர் திடுக்கிடவில்லை. அட்டைப்பெட்டிக்குள் கிருசிகாவின் மேசைச் சாமான்கள்: தேநீர்க் கோப்பை, உருப்பெருக்கி, கம்பளிக் கையுறை. அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு சிறு காகித உறையை எடுத்தார். மார்ச்சில், கிருசிகா கடைசியாக வேலைக்கு வந்த நாளில் எழுதியது என்றார். பானுஜனே காசைக் கொண்டுவருவார், நீங்கள் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாளாம்.

ஜெர்மன் மொழியில், பென்சிலால், அவள் எழுத்து. அஸ், செம்பு. பின்புறம்: சாலுஸ், பாம்புக்கு உணவூட்டுகிறாள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். ஒப்படைத்த திகதி வெறுமையாக இருந்தது. கடைசி வரி: நிலை, முகம் தெளிவு.

பிரௌ பூசர் நாணயத்தை வெளிச்சத்தில் சரித்தார். சாலுஸின் முகம் தேய்ந்து அழிந்த இடத்தில் செம்பு வழவழவென்று மினுங்கியது. பென்சிலை நீட்டினார்.

அவன் திகதி எழுதினான். பென்சிலின் மறுமுனையில் அழிறப்பர் இருந்தது. அதைக் கடைசி வரிக்கு மேல் கொண்டுபோனான்.

“தம்பி, வாங்கோ. வாய்க்கரிசி போடவேணும்.”

அந்த வரியை அழிக்காமலே பென்சிலைத் திருப்பிக் கொடுத்தான்.