லைன் கிடைக்காத புதன்கிழமை

வள்ளிநாயகிக்குக் கம்ப்யூட்டர் மேல் ஒரு கோபமும் கிடையாது. அது பாவம், சொன்னதைச் செய்கிற பெட்டி. எரிச்சலெல்லாம் திருநாவுக்கரசு சார் மேல்தான். சிரம்பானில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் நடந்துகொண்டிருந்த மகளிர் நலச் சங்கத்துக்கு அவர் செயலாளர். தொண்ணூற்றெட்டில் கோலாலம்பூருக்கு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து மனுஷனுக்கு இன்டர்நெட் பேய் பிடித்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த சமூக ஊழியர்கள் எல்லாரும் இணையத்தில் ஒரு பாடம் படித்துத் தேற வேண்டுமாம். தேறினால்தான் வேலை நிரந்தரமாம். வள்ளிநாயகி சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு சரி என்று தலையாட்டினாள்.

அவளுடைய வேலை ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில். அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு லயத்தில் பஞ்சாலை இருந்தாள். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். புருஷன் சன்னாசி தோட்டத்து லாரி டிரைவர். குடித்தாலும் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டாலும் அடிப்பான். சத்துணவு வகுப்பு என்று பேர் பண்ணிக்கொண்டு வள்ளிநாயகி மாசக்கணக்காக அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தாள். பஞ்சாலை மழையைப் பற்றிப் பேசுவாள், மீன் விலையைப் பற்றிப் பேசுவாள். முகத்தில் இருக்கிற காயத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். போன வாரம்தான் வாய் திறந்தாள்.

புதன்கிழமைகளில் சன்னாசி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போவான், திரும்ப மத்தியானமாகிவிடும். ஆனால் சில வாரம் லாரி போகாது. அவன் வீட்டில் கிடக்கும்போது சங்கத்து வேன் வந்து நின்றால் அவள் கதை முடிந்தது. அதனால் லாரி கிளம்பியதும் தோட்டத்துக் கடையிலிருந்து போன் போடுவதாகச் சொன்னாள். வேன் வந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். சிரம்பானை ஒட்டிய பாரோயில் அவர்களுக்கு ஓர் அறைகூட ஏற்பாடாகிவிட்டது.

புதன்கிழமையும் வந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தானா பாடத்துக்கும் கடைசி நாளாக இருக்க வேண்டும். ஆபீசில் இருப்பதே ஒரே ஒரு போன் லைன். இன்டர்நெட்டும் அதே கம்பியில்தான் ஓட வேண்டும்; அது ஓடும் வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் லைன் கிடைக்காது. வள்ளிநாயகி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். சார் சிரித்தார்.

"ஒரு மணி நேரம்தான லா, வள்ளி? அவசரம்னா திரும்பக் கூப்பிடப் போறாங்க."

அவள் அப்போதே மாட்டேன் என்று எழுந்திருக்கலாம். நிரந்தரம் என்ற சொல் அவளை உட்கார வைத்துவிட்டது.

அந்தப் பெட்டி கரகரவென்று கத்திவிட்டு லைனைப் பிடித்தது. திரையில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் நெற்றி தெரிந்தது. பிறகு புருவம். பிறகு கண். மூக்கு வருவதற்குள் லைன் அறுந்து போனது. மறுபடியும் நெற்றியிலிருந்து ஆரம்பம். திருநாவுக்கரசு சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, பொறுமை வேண்டும், பொறுமை வேண்டும் என்று ஓதிக்கொண்டிருந்தார். அந்த ஆளைத் தூக்கி மாடியிலிருந்து போடலாமா என்றிருந்தது வள்ளிநாயகிக்கு. கடைசியில் கேள்வி வந்தது: 'உதவி தேவைப்படுபவர்கள் உங்களை எந்நேரமும் எளிதாகத் தொடர்புகொள்ள முடிகிறதா?' ஆமாம் என்று போட்டால்தான் மார்க். ஆமாம் என்று போட்டாள்.

பாடம் முடியும்போது மத்தியானமாகிவிட்டது. அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது வாயே திறக்கவில்லை. லாரி போகவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில், சன்னாசி வேலைக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து, லயத்துக்குப் போனாள். பஞ்சாலை மரம் வெட்டப் போகவில்லை. இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. வாங்க என்றாள், உட்காரச் சொன்னாள், ஒற்றைக் கையால் பால் ஊற்றாத கோப்பி ஓ கலக்கினாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

லாரி போயிருந்தது. பஞ்சாலை மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், துணி மூட்டையோடு கடை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போன் போட்டிருக்கிறாள். கடைக்காரன் முறைக்கிற வரைக்கும் போட்டிருக்கிறாள். மத்தியானம் அந்த வழியாகத்தான் லாரி திரும்பியது. சன்னாசி மூட்டையைப் பார்த்தான். மிச்சத்தை அவள் மணிக்கட்டே சொன்னது.

வள்ளிநாயகி கம்ப்யூட்டர், போன் கம்பி, பாடம் என்று என்னென்னவோ விளக்கினாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

பஞ்சாலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினாள். "எங்க தோட்டத்து ஆபீசு கிராணியும் அப்படித்தான் டீச்சர். நாங்க கூப்பிட்டாத் தொந்தரவுன்னு ரிசீவரைத் தூக்கி மேசையில வெச்சிருவாரு. டூட் டூட்டுன்னு கேட்டா இங்க எல்லாருக்கும் தெரியும், நம்மள வேணாம்னுட்டாங்கன்னு. உங்களுக்கும் மனசு மாறிப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

"ஐயோ அக்கா, இல்லக்கா." வள்ளிநாயகி அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த புதன் நான் போன் பக்கத்துலயே இருப்பேன். சார் இல்ல, யார் வந்தாலும் தொட விடமாட்டேன். வேலை போனாப் போகட்டும். ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க, போதும்."

பஞ்சாலை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அடுத்த புதன் லாரி போவும் டீச்சர். புள்ளையும் அதுலதான் போவும். இனிமே பள்ளிக்கூடம் வேணாம்னுட்டாரு. எங்க போனாலும் பக்கத்து சீட்டுல ஏத்திக்கிட்டுப் போவாராம். இன்னிக்கும் ஏத்திக்கிட்டுத்தான் போயிருக்காரு."