மடைப்பள்ளி வாசலில் கங்கையா

கர்ப்பிணியின் புருஷன் மலையேறக் கூடாது என்று எங்களில் ஒரு விதி உண்டு. என் புருஷனுக்கோ வேலையே மலைமேல்தான். திருமலையில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற மடைப்பள்ளியில் அவருக்கு முறை. பதினைந்து நாள் மேலே, பதினைந்து நாள் கீழே திருப்பதியில் எங்களோடு. எனக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் என் நாத்தனார் வஸுமதி அக்கா இந்த விதியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். அவள் தம்பியான இவர் அசரவில்லை. மலையேறுவது பஸ்தான், நான் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சம்பத்குமார் என்கிற அந்த மனிதர் அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படித்தான் ஏதாவது பேசுவார்.

அது ஐம்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம். ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எல்லை இங்கே வரும், அங்கே வரும் என்று காய்கறிக் கடையில்கூடப் பேச்சு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு மூன்றாம் வகுப்புக்கு நான் வாத்தியார். பங்குனி முடிவதற்குள் தெலுங்குப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரம் என்று எனக்குக் கடிதம் வந்திருந்தது. கடையில் நின்று தெலுங்கில் சண்டை போடச் சொன்னால் போடுவேன். எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும். எட்டு மாத வயிற்றை மேஜைக்கு இடிக்காமல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, முப்பது வயதில் நான் குழந்தை மாதிரி அக்ஷரங்களைச் சுழித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கிணற்றடி, சமையல், பிறகு பள்ளிக்கூடம், திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு. வெயில் வந்துவிட்டதால் பள்ளிக்கூடம் ஏழரைக்கே. கால் வீங்கி மெட்டி கழற்ற வராது. அலுப்பில் எல்லார் மேலும் எரிந்து விழுவேன். ஆனால் வகுப்பில் நாற்பது பெண்கள் சேர்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது, உள்ளே இருப்பது சரியாக ஒரு உதை விடும். நான் பாதியில் நின்றுவிடுவேன். என் உடம்புக்குள், என்னைக் கேட்காமல், ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு மேல் மூச்சு வாங்கும். ஏழேழு நாற்பத்தொன்பது என்று பெண்கள் காத்திருப்பார்கள்.

வீட்டில் குழந்தைக்கென்று ஒரு துரும்பு சேர்க்கக் கூடாது. பிறக்கும் முன்னே புதுசாக வாங்கினால் ஆகாது என்று அக்கா. பழைய வேஷ்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைப்பாள், ஓமமும் சுக்கும் இடித்துச் சலிப்பாள், விறகைக் காய வைப்பாள். கேட்டால் எல்லாம் வீட்டுக்கு என்பாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. டிரில் பீரியடில் உட்கார்ந்து, அவருடைய பழைய வேஷ்டி ஒன்றில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை தைத்து, பள்ளிக்கூட மேஜை டிராயரில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பழைய துணிதானே, விதிக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பயம் எங்கள் மூவருக்கும் ஒன்றுதான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு பிள்ளை பிறந்தான். அழவில்லை. அப்போதும் அவர் மேலேதான் இருந்தார்.

இங்கே எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறப்பானாலும் இறப்பானாலும் வீட்டுக்குத் தீட்டு. ஆனால் காதில் விழுகிறவரை அவருக்குத் தீட்டில்லை. விழுந்த நொடியில் அடுப்பை விட்டு வெளியேற வேண்டும்; அவர் கைபட்ட தளிகை அத்தனையும் கொட்ட வேண்டும், பெருமாள் காத்திருக்க வேண்டும். அதனால் மடைப்பள்ளியில் வேலை நடக்கும்போது நல்லதோ கெட்டதோ யாரும் சேதி சொல்ல மாட்டார்கள். ஆளை அனுப்புவார்கள். அவன் வெளியே தள்ளி நின்று, வேலை முடிந்து இவர் வருகிறவரை காத்திருப்பான். அந்தத் தடவை போய் நின்றவன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் கங்கையா. தங்கமான மனிதன். ஆனால் முகம் மட்டும் பிறவியிலேயே துக்கம் விசாரிக்க வந்த முகம். கல்யாணப் பந்தியில் அவன் பாயசம் பரிமாறினால்கூட நமக்கு ஏதோ இழவு நினைவு வரும். அன்று அவர் வெளியே வந்ததும் அங்கேயே அவன் சேதியைச் சொன்னான். இறங்கி வந்த என் புருஷன் என் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மன்னித்திருந்தேன் என்று சொன்னால் பொய்.

ஆகையால் இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்டேன். பரீட்சை போனால் போகட்டும், பிரசவத்தின்போது நீங்கள் கீழே இருக்க வேண்டும். சரி என்றார். கணக்குப்படி பங்குனிப் பாதியில்தான் பிரசவம். மாசி முறையை முடித்துவிட்டு வந்தால் தாராளமாக நாள் இருந்தது. குழந்தை கணக்குப் பார்க்கவில்லை.

மாசி இருபதாம் தேதி காலை, முதல் பீரியட். கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது காலோடு தண்ணீர் இறங்கியது. பெண்களைப் பாடத்தை இரண்டு முறை எழுதச் சொல்லிவிட்டு, டிராயரைத் திறந்து அந்தச் சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். கங்கையா என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் ஓடிப்போய் ஜட்கா கொண்டுவந்தான். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும், இந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் சரி, யாராவது ரோடு போடுங்களேன் என்று மனசுக்குள் திட்டினேன்.

அக்கா மருத்துவச்சி ரத்தினம்மாவை அழைத்து வந்தாள். புத்தூர்ப் பக்கத்துக்காரி, பெரிய கை, மெல்ல நடக்கிறவள். எனக்கு வலியைவிட நிசப்தத்தின் மேல்தான் பயம். போன தடவை எல்லாம் முடிந்த பிறகு அந்த அறையில் இருந்த நிசப்தம். பல்லைக் கடித்துக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

ஒன்பது மணி சுமாருக்குக் குழந்தை வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அழுகை. சின்ன அழுகை இல்லை, வீட்டுக்காரன் வாடகை கேட்கிற மாதிரி அழுகை.

"இன்னாத்துக்கும்மா நீ அழுவுற? பொண்ணு நல்லாத்தான் கீது," என்று சொல்லி ரத்தினம்மா அவளைத் துடைத்து என் மார்மேல் போட்டாள்.

நான் பார்த்தேன். விரலுக்கு விரல் நகம் இருந்தது. நகம்! நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, புளி கரைத்துக்கொண்டு, எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டு இருந்தபோது, உள்ளே யாரோ உட்கார்ந்து இருபது நகம் செய்திருக்கிறார்கள். காதில் மடிப்பு வைத்திருக்கிறார்கள். புருவம் தீட்டியிருக்கிறார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு நடுங்கியதில்லை. அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தோம். அதற்குள் இரண்டு பேர் இருக்கலாம்போல் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று அக்காவைக் கேட்டேன். அப்போதே அனுப்பியாயிற்று, ஒன்பதரை பஸ்ஸிலேயே போய்விட்டான் என்றாள். யார் என்றேன்.

"கங்கையாதான். வாசல்லயே நின்னுண்டிருந்தான், உடனே அனுப்பிட்டேன்."

அதே ஆள், அதே மடைப்பள்ளி வாசல், அதே முகம். நாளும் நிறைவதற்கு முன்னால். அவர் பார்த்தால் என்ன நினைப்பார்? அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இனி என்ன செய்வது? வேறு ஆளை அனுப்பி, இது நல்ல சேதி என்று சொல்லச் சொன்னால் அதுவே சேதி சொன்னதாகிவிடும், தளிகை போய்விடும். பெருமாளைப் பட்டினி போடுகிற தைரியம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

உச்சிவேளைத் தளிகை முடிகிறவரை நான் படுத்துக் கிடந்தேன். மார்மேல் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், சுடச்சுட, புதுசாக. எது இல்லை என்று அங்கே அவர் வெந்துகொண்டிருக்கிறாரோ, அது இங்கே என் கையில் கொட்டாவி விடுகிறது. ஒரே நேரத்தில் அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு வேதனையும் ஒரு உடம்பு தாங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மேலே நடந்தது பிற்பாடு அவர் சொல்லித் தெரிந்தது. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு பெரிய உருளியில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தவர், விறகு வாங்கத் திரும்பியபோது வெளியே தூரத்தில் கங்கையா நிற்பதைப் பார்த்தார். அவர் பார்த்ததும், சேதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று கங்கையா தலையைக் குனிந்துகொண்டான். போதாதா? அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆகவே எனக்குத் தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நெய் விட்டார். தளிகையை ருசி பார்க்கவும் கூடாது, வாசனை பார்க்கவும் கூடாது. உப்புப் போட்டேனா, இரண்டு முறை போட்டேனா என்று அவருக்கு நினைவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தார். கங்கையா வாயைத் திறந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கங்கையா, நீ சொல்லாதே. இந்தத் தடவை அவ வாயால கேட்டுக்கறேன்."

பெரியவர் சொல்லைத் தட்டத் தெரியாத அந்தப் புண்ணியவான் வாயை மூடிக்கொண்டான். மலைப் பாதை முழுக்க, பஸ்ஸில் அவருக்குப் பின் ஸீட்டில், நல்ல சேதியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா அப்புறம் அவனைப் பிடித்து உலுக்கியபோது, "சாமி கையைக் காட்டிட்டாரும்மா, நான் இன்னா பண்றது?" என்று அழுதேவிட்டான்.

அவர் வந்தபோது மணி இரண்டிருக்கும். அக்கா கொல்லைப்புறத்தில் ரத்தினம்மாவுக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்து என் அறைக் கதவருகில் நின்றது. குழந்தை எனக்கும் சுவருக்கும் நடுவில், பழந்துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அறைக்குள் பார்க்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். முகமெல்லாம் கரி. கங்கையா சொல்லியிருப்பான் என்றுதான் நான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"யதுகிரி, போன தடவை நான் உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. என்ன சொல்றதுன்னு தெரியலை. இன்னிக்குப் பஸ்ல யோசிச்சுண்டே வந்தேன். கொழந்தை தங்கலேன்னா தங்கலை. இனிமே வேண்டவும் வேண்டாம். உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான் மூணு மணி நேரமா பெருமாளைக் கேட்டுண்டிருந்தேன். நீ இருக்கே. எனக்கு அது போறும்."

உடனே சொல்லியிருக்க வேண்டும். அவரை ஒரு நொடிகூட அப்படி நிறுத்தி வைத்திருக்கக் கூடாது. ஆனால் நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், சொந்தத் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்காக மலையிலிருந்து அத்தனை வார்த்தையையும் சுமந்து வந்திருக்கிறார். இவரோடு ஒன்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இவரை எனக்குத் தெரியாது என்று தோன்றியது. காலையில் நகங்களைப் பார்த்தபோது வந்த அதே நடுக்கம் மறுபடி வந்தது.

பழந்துணி அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு தும்மல்.

அவர் நிமிர்ந்தார். நான் துணியை விலக்கினேன். அவள் கையை நீட்டி முறித்துக்கொண்டாள். அவர் பிள்ளையா பெண்ணா என்று கேட்கவில்லை. நிலைப்படியிலேயே உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது நம்மளோடதா?"

"நம்மளோடதுதான். கிட்ட வந்து பாருங்கோ."

வரவில்லை. பிறந்த சேதி கேட்டதும் தகப்பன் உடுத்த துணியோடு குளிக்க வேண்டும் என்பது நினைவு வந்து, எழுந்து கிணற்றடிக்கு ஓடினார். உருளை கிறீச்சிடுவதும் தண்ணீர் விழுவதும் எனக்குப் படுத்த இடத்திலிருந்தே கேட்டது. ஒரு முழுக்குப் போதும். அவர் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஜுரம் வரும், போதும் என்று அக்கா கத்தியும் நிறுத்தவில்லை. அழுகைச் சத்தம் வெளியே கேட்காதிருக்கத்தான் அவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரிந்தது. நான் குழந்தையைத் தூக்கி, அவளும் கேட்கட்டும் என்று அவள் காதைக் கிணற்றடிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.